நாலு வரிசை ரேடியேட்டர்

போன மாதம் என் காரின் திரையில் சிவப்பாக ஒரு தெர்மாமீட்டர் படம் எரிந்தது. வண்டியைக் கொண்டுபோய் சர்வீஸ் சென்டரில் விட்டேன். கையில் டேப்லெட் வைத்திருந்த பெண் பத்து நிமிடத்தில் வந்து, "ரேடியேட்டர் மாத்தணுங்க சார்" என்றார். நான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, எத்தனை வரிசை, காப்பரா அலுமினியமா, தகடுகள் எவ்வளவு நெருக்கம் என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க எதையும் செலக்ட் பண்ண வேண்டியதில்லீங்க சார். வண்டி நம்பர் போட்டா பார்ட் நம்பர் அதுவா வந்துரும்" என்றார்.

இந்த டேப்லெட் இருபது வருடங்களுக்கு முன்னால் இருந்திருந்தால் ஒரு கல்யாணப் பூசையை மூன்று பேர் தவறவிட்டிருக்க மாட்டோம். தவறியதற்கு முழு முதல் காரணம் நான்தான் என்பதால் இதை ரொம்பச் சத்தமாகச் சொல்லவும் முடியாது. கண்ணாடிக் கதவு ஒருமுறை திறந்தபோது உள்ளே இருந்த பட்டறையிலிருந்து சூடான ரப்பரும் துருத் தண்ணீரும் கலந்த ஒரு வாசனை வந்தது. அவ்வளவுதான், நான் தாராபுரம் சாலையில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து மண்ணரையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மெர்ச்சண்டைசர் என்றால் பெரிய படிப்பு என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில், வெளிநாட்டு பையர் கேட்கிற கேள்வியை டையிங்காரரிடம் கேட்டு, அவர் சொல்கிற பதிலைப் பையரிடம் சொல்கிறவன். நடுவில் தனக்கே எல்லாம் தெரியும் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த முகம் எனக்கு நன்றாக வந்தது. அதுதான் வினை.

அதே கம்பெனியில் நிட்டிங் மெஷின்களுக்கு பிட்டராக இருந்தவர் பழனிச்சாமி அண்ணன். மங்கலத்துக்காரர். விசைத்தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் எந்த மெஷினையும் காதால் பார்ப்பார். ஊசி ஒன்று உடைந்தால் மூன்று மெஷின் தள்ளி நின்றுகொண்டே, "அதுல ஒண்ணு போச்சுங்க" என்பார். அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு. பழைய காண்டசா கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். நீள மூக்கு, அகன்ற தோள். அமெரிக்காக்காரர்கள் மசில் கார் என்று கொண்டாடுகிறார்களே, அதற்கு நம்மூரில் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சொந்த இன்ஜினை இறக்கிவிட்டு, கோவை உக்கடத்தில் பழைய சாமான் விற்கும் சந்திலிருந்து ஆறு சிலிண்டர் ஜப்பான் இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்து, எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் தானே பூட்டினார். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று விற்றவருக்கே தெரியாது. ஸ்டார்ட் செய்தால் ஷெட் தகரம் அதிரும். ஆனால் பத்து நிமிடம் ஓடினால் சூட்டு முள் மேலே ஏறிவிடும். சின்ன இன்ஜினுக்கு வைத்த பழைய ரேடியேட்டரால் இதைத் தாங்க முடியவில்லை.

அண்ணனின் மனைவி எஸ்தர் அக்கா எங்கள் கம்பெனியிலேயே செக்கிங் பிரிவில் இருந்தார். தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வெங்காயம் போட்டுக்கொண்டிருந்த கிறிஸ்தவக் குடும்பம். அண்ணனோ பழனி முருகன் பெயர் கொண்டவர். இரண்டு பக்கமும் வேண்டாம் என்று சொல்ல, இவர்கள் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அக்காவின் அப்பா அருளப்பன் அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாராம். "சைக்கிள்ல வெச்சுக் கூட்டிட்டுப் போறவங்க கூடப் போறீங்க, போங்க." பெற்ற மகளையே கோபத்தில் 'ங்க' போட்டுத் தள்ளிவைத்தவர். கொங்கு நாட்டில் சண்டை அவ்வளவு மரியாதையாக நடக்கும். எங்கள் ஊராக இருந்தால் அன்றே இரண்டு சட்டை கிழிந்து, அடுத்த தீபாவளிக்குள் சமாதானமும் ஆகியிருக்கும். இங்கே ஐந்து வருடம் ஒரு பேச்சும் இல்லை.

அந்த ஐந்தாவது வருடத்தில் அக்காவின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. அம்மா போன் செய்தார். அப்பாவிடம் அழுது, சாப்பிடாமல் இருந்து, ஒரு வாக்கியம் வாங்கியிருந்தார். அக்கா அதை எங்களிடம் அப்படியே சொன்னார். கோயில் என்றால் அவர்களுக்கு மாதா கோயில், பூசை என்றால் சாமியார் வைக்கிற திருப்பலி.

"பத்து மணிப் பூசைக்கு முன்னால வந்து கோயில்ல உக்காந்தாங்கன்னா நான் ஒண்ணும் சொல்லலீங்குறாருங்க. பூசைக்கு வராம பந்திக்கு மட்டும் வர்றதா இருந்தா வரவே வேண்டாமுங்குறாரு."

பஸ்ஸில் போயிருக்கலாம். திருப்பூரிலிருந்து தாராபுரத்துக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்? ஆனால் அண்ணன் அந்தச் சைக்கிள் வாக்கியத்தை ஐந்து வருடமாக நெஞ்சிலேயே வைத்திருந்தார். "எஸ்தர அந்தக் கோயில் வாசல்ல கார்லதான் எறக்கோணுமுங்க தம்பி" என்றார். வாடகைக் கார் பேச்சை எடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆக, எல்லாம் ஒரு ரேடியேட்டரில் வந்து நின்றது. அதைத் தேர்ந்தெடுக்க அவர் துணைக்கு அழைத்தது என்னை. "நீங்க நாலு பேர்கிட்டப் பேசி வேலை வாங்கறவங்க. ஒரு வார்த்த கூட இருந்து பாருங்க" என்றார். நானும் அந்த முகத்தை வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பல்லடம் சாலையில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்த பாய் எங்கள் முன்னால் மூன்றை எடுத்துவைத்தார். அலுமினியத்தில், தண்ணீர் ஓடும் குழாய்கள் இரண்டே வரிசை, ஆனால் அகலமானவை. செம்பில் மூன்று வரிசை. அப்புறம் செம்பிலேயே நாலு வரிசை, தகடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல நெருக்கம். பாய் இரண்டு வரிசையைத் தட்டிக்காட்டினார். "இது போதும். ஃபேனுக்குச் சுத்தி ஒரு கூடு அடிச்சு மாட்டிக்கங்க. வரிசை கூடக்கூட காத்து உள்ள போறது கொறையும். காத்துப் போனாத்தான் சூடு போகும்." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன சொல்ல வேண்டும்?

ஆனால் நான் பனியன் கம்பெனிக்காரன் இல்லையா? திருப்பூரில் உலகமே ஜிஎஸ்எம்மில்தான், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்கிற கணக்கில்தான் நடக்கிறது. துணியின் கனம்தான் துணியின் தரம். நூற்றிருபது என்றால் உள்ளூர்ச் சந்தை, இருநூற்று நாற்பது என்றால் பையர் சிரிப்பார். நான் அந்த நாலு வரிசை ரேடியேட்டரின் ஓரத்தைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரியே தடவிப் பார்த்தேன். தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம்.

"அண்ணே, இதுதாம்ணே" என்றேன். "கெட்டியா இருக்கு பாருங்க. ரெண்டு வரிசையெல்லாம் வெயிட்டே இல்ல."

"பாய் அதத்தான சொல்றாருங்க?"

"அவரு ஸ்டாக்க தள்ளப் பாக்காருண்ணே."

இதோடு விட்டேனா என்றால் இல்லை. மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எக்செல் ஷீட் ஒன்று போட்டேன். மூன்று ரேடியேட்டருக்கும் வரிசை, உயரம், எடை எல்லாம் எழுதி, கடைசிக் கட்டத்தில் 'அப்ரூவ்டு' என்று போட்டு என் கையெழுத்தையும் வைத்து அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அச்சடித்த தாளுக்கு அவர் கொடுத்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

மாட்டிய அன்றே மங்கலம் வரை போய்வந்தோம். முள் அசையவில்லை. நான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. வண்டி வழக்கமான இடத்தில் நின்றது, அதாவது நிட்டிங் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரே வேப்பமர நிழலில். ஷெட்டின் மூன்று எக்ஸாஸ்ட் ஃபேன்களும் அந்தப் பக்கம்தான் ஊதும். நிட்டிங் ஷெட்டுக்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா? காற்றில் எப்போதும் பஞ்சுத் தூசி மிதக்கும். வேலை முடிந்து வருகிறவர்களுக்குப் புருவமெல்லாம் நரைத்திருக்கும். அண்ணன் தினமும் காலையும் மாலையும் ஏர் பைப்பை எடுத்து ஒவ்வொரு மெஷினிலிருந்தும் பஞ்சை ஊதித் தள்ளுவார். அப்படி அவர் ஊதிய பஞ்செல்லாம் ஃபேன் வழியாக வெளியே போய், நெருக்கமான தகடுகள் கொண்ட நாலு வரிசை ரேடியேட்டரில் போய் உட்கார்ந்தது. அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாள் முழுக்கப் பஞ்சைத் தின்று வாழ்கிறவர்களுக்குப் பஞ்சு கண்ணில் படுவதில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம், என் பங்குக்கு நானே பைப்பைப் பிடித்து வண்டியைக் கழுவினேன். முன் கிரில்லுக்குள் தண்ணீரைப் பாய்ச்சிப் பாய்ச்சி அடித்தேன். பஞ்சும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று துணிக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். அக்கா மயில் கழுத்து நிறப் பட்டு. அண்ணன் வெள்ளை வேட்டி. நான் வெள்ளைச் சட்டை போட்டு, ரேடியேட்டருக்கு அப்ரூவல் கொடுத்தவன் என்கிற தகுதியில் முன் சீட்டில். அவிநாசிபாளையம் வருவதற்குள் முள் மேலே நின்றது. பானெட் ஓரத்தில் ஆவி வந்தது. நிறுத்தினோம். அண்ணன் ஆறட்டும் என்றார். எனக்குப் பொறுமை இல்லை. பையில் இருந்த சாம்பிள் துணியை நாலாக மடித்து மூடியைத் திருகினேன். பொங்கி வந்த துருத் தண்ணீர் என் சட்டையைக் காவி ஆக்கியது. கையும் கொஞ்சம் வெந்தது. அண்ணன் கொண்டுவந்திருந்த தண்ணீர்க் கேனில் பாதி அங்கேயே தீர்ந்தது.

மறுபடி கிளம்பியபோது அண்ணன் ஒரு உபாயம் செய்தார். காரின் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டார். இன்ஜினின் சூடு கொஞ்சம் எங்கள் பக்கம் திரும்பினால் இன்ஜின் தப்பிக்குமாம். சித்திரை வெயிலில், தாராபுரம் சாலையில், ஹீட்டர் போட்டுக்கொண்டு போன ஒரே கார் அதுவாகத்தான் இருக்கும். அக்காவின் பட்டுப்புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குண்டடம் தாண்டி இரண்டாம் முறை நின்றபோது மணி ஒன்பதே முக்கால். அம்மாவின் போன் அடித்தது. அண்ணன் மெதுவாக, "தாராபுரம் வந்துட்டோம்னு சொல்லு" என்றார். அக்கா அப்படியே சொன்னார். போனை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"பஸ்ல வந்திருந்தா இந்நேரம் கோயில்ல உக்காந்திருப்பமுங்க. எனக்குக் காரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எங்கப்பாவப் பாக்கோணும்."

பானெட்டுக்குள் தலையை விட்டு நானும் அண்ணனும் ஏதோ தேடுகிற மாதிரி நின்றோம். அப்படி நின்றபோது எனக்கு அழுகை வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கையில் வெந்த எரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா இரண்டு பஸ்ஸுக்குக் கை காட்டினார். முகூர்த்த நாள் கூட்டம், இரண்டும் நிற்காமல் போயின.

கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். பூசை முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. அக்காவின் அம்மா ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டார். அழுதுகொண்டே ஒன்று சொன்னார். "முன் பெஞ்சுல உங்க ரெண்டு பேருக்கும் அப்பாவே துண்டு போட்டு எடம் வெச்சிருந்தாருங்க கண்ணு. தாராபுரம் வந்துட்டாங்கன்னு சாமியார்கிட்டச் சொல்லிப் பத்து நிமிசம் நிறுத்தி வெச்சாரு."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரேடியேட்டர் அப்ரூவல் கொடுத்தவன் எங்கே போய் ஒளிவது? காருக்குப் பின்னால் போய் நின்றேன்.

அருளப்பன் பந்தியிலிருந்து வந்தார். ஒல்லியான மனிதர். தோளில் அந்தத் துண்டு. மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிரில் இடுக்கில் இரண்டு விரலை விட்டார். நாங்கள் வழியெல்லாம் பானெட்டைத் திறந்து பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முன்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. வெங்காயத் தோலை உரிப்பதுபோல அவர் எதையோ உரித்து இழுத்தார். ஒரு சாண் அகலத்துக்குக் கெட்டியாகத் துணி மாதிரி வந்தது. பஞ்சு தண்ணீரில் நனைந்து, சூட்டில் காய்ந்து, ரேடியேட்டர் முழுக்கப் படிந்திருந்தது. ஜிஎஸ்எம் பார்த்தால் முந்நூறுக்குக் குறையாது.

அதைக் கையில் பிடித்துக்கொண்டே நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். ஐந்து வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஏனுங்க மாப்ள, வண்டிக்கு எதுக்குங்க பனியன் போட்டு உட்டிருக்கீங்க?"

அண்ணன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. காருக்குப் பின்னால் நின்ற என்னைக் கைகாட்டினார். "அந்தத் தம்பி செலக்ட் பண்ணுச்சுங்க மாமா."

இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். காவிச் சட்டையும் வெந்த கையுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்து அருளப்பன் முதலில் சிரித்தார். அப்புறம் அண்ணன் சிரித்தார். ஐந்து வருடப் பகை என் தலையில் இறங்கித் தீர்ந்தது. "தம்பி சாப்புடட்டுங்க, பாவம்" என்று மாமனார் சொல்ல, எங்களுக்கு இலை போட்டார்கள். பிரியாணி ஆறியிருந்தது. அதைப்போல ஒரு சாப்பாடு நான் அப்புறம் சாப்பிடவில்லை.

வண்டி திரும்பி வருகிற நிலையில் இல்லை. தள்ளிக்கொண்டுபோய் அவர்கள் வீட்டுக் களத்து ஓரத்தில், வெங்காயத்தைக் குவித்துச் சேமித்து வைக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். மூவரும் பஸ்ஸில் திரும்பினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அக்காவும் வண்டியைப் பார்க்கப் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறும். மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் தொற்றிக்கொள்வேன். செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடி, அந்த இன்ஜினுக்குச் சரியான ரேடியேட்டர் எது என்று திருப்பூர், கோவை, ஈரோடு என்று விசாரித்து, அளவெல்லாம் எழுதிக்கொண்டு போவேன். மாமனாரும் மருமகனும் காரின் முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்பார்கள்.

"இதுக்கு ஹோஸ் சேராதுங்க தம்பி" என்பார் அண்ணன்.

"அவசரம் என்னுங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார் மாமனார். உள்ளே கோழி வெந்துகொண்டிருக்கும்.

இப்படி மூன்று வருடம். ஊசி உடைந்தால் காதால் கண்டுபிடிக்கிறவருக்கு ஒரு ரேடியேட்டர் மாட்ட மூன்று வருடமா என்று எனக்குச் சந்தேகம்கூட வரவில்லை. என் புத்தி அப்படி.

அண்ணன் மண்ணரையில் வீடு மாறியபோது சாமான் எடுக்க உதவிக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. மேலே பாயின் கையெழுத்தில் அண்ணன் பெயர். திறந்து பார்த்தேன். இரண்டு வரிசை அலுமினியம், குழாய் அகலம், ஃபேனுக்கான தகரக் கூட்டோடு. புதுசு, மாட்டவே இல்லை. நான் அதைத் தூக்கிக்கொண்டு எஸ்தர் அக்காவிடம் போனேன். அவர் சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்தார்.

"தங்கச்சி கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே வாங்கிட்டாருங்க தம்பி. வண்டி ஓடிருச்சுன்னா அப்பறம் என்னத்தச் சொல்லிட்டு வாராவாரம் அங்க போறதுன்னு மாட்டாம வெச்சிருக்காரு. அப்பாவுக்கும் தெரியுமுங்க. ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசிக்க மாட்டாங்க."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லக்கா."

"நீங்க மாசாமாசம் ஒரு ரேடியேட்டர் சொல்லிட்டு வர்றது அப்பாவுக்கு நெம்பப் புடிச்சிருக்குதுங்க. வெசாழக்கெழமையே கேட்டுருவாரு, தம்பி இந்த வாரம் வருதான்னு."

பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலேயே, புது வீட்டில், நானே தள்ளிவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதமும் ஒரு தாளில் அளவு எழுதிக்கொண்டு போனேன்.

அருளப்பன் அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். ஏழாம் நாள் பூசை முடிந்த பிறகு அண்ணன் அந்தப் பெட்டியைப் பஸ்ஸில் கொண்டுவந்து, களத்தில் வைத்துப் பிரித்தார். மாட்டுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஹோஸெல்லாம் சரியாகச் சேர்ந்தது. புது பேட்டரி வைத்துத் திருகியதும் இன்ஜின் உறுமியது, வெங்காயப் பட்டறைமேல் இருந்த கோழிகள் பறந்தன. நாங்கள் மூவரும் அந்தக் காரில் திருப்பூருக்கு வந்தோம். முள் பாதியைத் தாண்டவில்லை. குண்டடம் தாண்டியதும் அண்ணன் ஏனோ வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப்போய், சூடே ஆகாத வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்களுக்கு முகம் தெரியாதபடி உள்ளே குனிந்து நின்றார். அக்கா இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை.

அந்த வருடமே அண்ணன் காரை விற்றுவிட்டார். பாயின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை. எங்கள் நிட்டிங் ஷெட்டும் இல்லை. களத்தில் வண்டி நின்ற இடத்தில் ரொம்ப நாள் புல் முளைக்காமல் நீளமாக ஒரு மண் திட்டு தெரிந்ததாம். அதுவும் மூடிவிட்டது என்று போன முறை போனில் பேசியபோது அண்ணன் சொன்னார்.